தண்ணீர் வடிந்த மறுநாள்: மழைக்கால வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐப்பசி பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளே மாறிவிடும். மூட்டுவலியும் தூக்கமின்மையும் ஒதுங்கிக்கொள்ள, சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி), பாம்பு, எலிக்காய்ச்சல் என்று கடிதங்கள் வரிசை கட்டும். பொது சுகாதாரத் துறையில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்தது ஒன்று உண்டு. புயலும் வெள்ளமும் வந்த அன்று ஊரே ஓடிவருகிறது. தண்ணீர் வடிந்தபின் வரும் மூன்று, நான்கு வாரங்களில்தான் யாரும் கவனிக்காமல் ஆட்கள் நோயில் விழுகிறார்கள். இந்த முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் பெரும்பாலும் அந்த வாரங்களைப் பற்றியவை.

2015-லும் 2023-லும் எங்கள் வீட்டு சம்ப்பில் வெள்ளம் புகுந்தது. இரண்டு தடவையும் தண்ணீரை இறைத்துவிட்டு லாரித் தண்ணீர் நிரப்பிக்கொண்டோம். அது போதுமா? பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்? (வேளச்சேரி வாசகி)

போதாதும்மா. உள்ளே வந்தது வெறும் மழைநீர் இல்லை. பாதாளச் சாக்கடையும் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்கும் அதில் கலந்திருக்கும். தண்ணீரை வெளியேற்றினாலும் சுவரிலும் தரையிலும் படிந்த சேறு அங்கேயேதான் இருக்கும்.

முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நனைந்த மோட்டாரை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடக் கூடாது. சம்ப்பின் மூடியைத் திறந்து பல மணி நேரம் காற்றாட விடுங்கள். கழிவுநீர் புகுந்த தொட்டிக்குள் விஷவாயு தேங்கியிருக்கலாம். மேலே ஆள் இல்லாமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். நீளக் கம்பில் பிரஷ் கட்டி மேலிருந்தே தேய்க்க முடிந்தால் அதுதான் நல்லது. உள்ளே போனவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழுந்து, ஒரே வீட்டில் இரண்டு உயிர் போன கதைகள் நம் ஊரில் உண்டு.

சேற்றை அள்ளிக் கழுவியபின் தொட்டியை நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரை மாடித் தொட்டிக்கும் ஏற்றி, எல்லாக் குழாயிலும் குளோரின் வாசனை வரும்வரை திறந்துவிடுங்கள். 12 மணி நேரம் விட்டு முழுவதையும் வெளியேற்றிவிடுங்கள். இது தொட்டியைக் கழுவும் தண்ணீர், குடிப்பதற்கு இல்லை.

பிறகு நிரப்பும் தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும், ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்தலாம். இந்தக் கணக்கு 33 சதவீதம் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு. போன வருடம் திறந்த பொட்டலத்தில் வீரியம் பாதிகூட இருக்காது. சுகாதார ஆய்வாளரிடம் கேட்டால் குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப்பில் இரண்டு சொட்டு மருந்து விட்டு, தண்ணீர் மஞ்சளாவதைக் காட்டிச் சொல்வார். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருந்தால் சரி. கேட்கத் தயங்க வேண்டாம், அது அவருடைய வேலை.

வெள்ளம் வடிந்தபின் முதல் இரண்டு வாரமும் குடிப்பதற்குத் தண்ணீரைக் காய்ச்சுங்கள். கொதி வந்தபின் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். கேஸ் இல்லாவிட்டால் 20 லிட்டர் குடத்துக்கு அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று. கலங்கல் நீரானால் வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டிவிட்டுப் போடுங்கள், கலங்கலில் குளோரின் வேலை செய்யாது. ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். வரும் வாயு நுரையீரலைத் தாக்கும்.

எங்கள் தெருவில் இன்னும் யாரும் பவுடர் தூவவில்லை. கவுன்சிலரிடம் சண்டை போட்டாயிற்று. கொள்ளைநோய் வந்தால் யார் பொறுப்பு? (பெரம்பூர் வாசகர்)

உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் வேறு விஷயத்துக்காகச் சண்டை போடுங்கள். சாலை ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டால் ஊர் சுத்தமானதுபோல் கண்ணுக்குத் தெரியும். சேற்றின்மேல் விழுந்த குளோரின் சேற்றோடும் வெயிலோடும் சேர்ந்து சீக்கிரமே வீணாகிவிடும். அந்தப் பவுடர் மூட்டை போக வேண்டிய இடம் குடிநீர்த் தொட்டி. தெருக்குழாயில் குளோரின் இருக்கிறதா, சாக்கடை உடைப்பும் குடிநீர்க் குழாய் உடைப்பும் ஒரே இடத்தில் இருக்கிறதா, குப்பையை எப்போது அள்ளுவார்கள் என்று கேளுங்கள். சென்னை மாநகராட்சியில் 1913-ல் புகார் பதிவாகும்.

தூத்துக்குடி வெள்ளத்தின்போது நண்பர்களோடு மீட்பு வேலைக்குப் போனேன். இந்த ஆண்டும் தேவைப்பட்டால் போவேன். எலிக்காய்ச்சலுக்கு மாத்திரை முன்கூட்டியே போடலாமா? (மதுரை வாசகர்)

போங்கள் தம்பி, ஆனால் காலில் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். எலியின் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரா கிருமி தேங்கிய நீரில் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். காலில் இருக்கும் சின்ன வெடிப்பு, சிராய்ப்பு வழியாக உள்ளே போய்விடும். 2005 ஜூலை 26-ல் மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. அடுத்த வாரங்களில் அந்த நகரம் எலிக்காய்ச்சலில் தவித்தது. 2018 வெள்ளத்துக்குப்பின் கேரளத்திலும் அதே நிலைமைதான். அங்கே சுகாதாரத் துறை தண்ணீரில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு டாக்சிசைக்கிளின் மாத்திரையைப் பெரிய அளவில் கொடுத்தது.

பெரியவர்களுக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம், தண்ணீரில் வேலை செய்யும் காலம் மட்டும். சாப்பிட்டபின், நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கிய கையோடு படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் வேண்டாம். மாத்திரையை முகாம் மருத்துவரிடம் கேட்டே வாங்குங்கள். கடைசியாக டி.டி. (டெட்டனஸ்) தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

மாத்திரையைவிட முக்கியமான ஒன்று. ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் தொட முடியாத வலி, கண் சிவப்பு வந்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியமாக "வெள்ளத்தில் நின்று வேலை செய்தேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாததால் வெறும் வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து நாள் கடத்தி, கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்தபின் வந்து சேர்ந்த இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். தூய்மைப் பணியாளர்களுக்கும் இதே பதில்தான். அவர்களுக்கு பூட்ஸும் கையுறையும் மாத்திரையும் கிடைத்ததா என்று உங்கள் குழு ஒரு வார்த்தை கேட்டால் நன்றாக இருக்கும்.

என் அப்பாவுக்கு இன்சுலின், மாமாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். 2023 டிசம்பரில் நாலைந்து நாள் மின்சாரமும் இல்லை, சாலையும் இல்லை. மறுபடி அப்படி நடந்தால் என்ன செய்வது? (ஸ்ரீவைகுண்டம் வாசகி)

அந்த டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட மழையில் ஆம்புலன்ஸ் வரும் என்று நம்பியிருக்க முடியாது. எனவே தயாரிப்பு இப்போதே.

உபயோகத்தில் இருக்கும் இன்சுலினைப் பொதுவாக நாலு வாரம் வரை 30 டிகிரிக்குக் குறைவான அறை வெப்பத்தில் வைக்கலாம், பெட்டியில் உள்ள குறிப்பையும் பாருங்கள். பிரிக்காத பாட்டில்களுக்கு நம் பாட்டிகள் வைத்திருந்த மண்பானையே உதவும். பெரிய பானையில் கொஞ்சம் தண்ணீர், அதற்குள் சின்னப் பானை, சின்னதற்குள் நீர் புகாத பையில் மருந்து, மேலே ஈரத்துணி, காற்று படும் நிழல். ஐஸ் கட்டிமேல் நேராக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண். சோறு எப்போது கிடைக்கும் என்று தெரியாத நாளில் வழக்கமான அளவைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். ஆனால் அடியோடு நிறுத்துவதும் ஆபத்து. அப்படிப்பட்ட நாளுக்கு எத்தனை யூனிட் என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கி, மருந்தோடு சேர்த்து வையுங்கள். கையில் எப்போதும் இரண்டு வாரத்து மருந்து இருக்கட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடமும் மழைக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

மாமாவுக்கு, புயல் எச்சரிக்கை வந்த உடனே மையத்துக்குப் போன் செய்து முறையை ஒரு நாள் முன்னுக்கு மாற்றச் சொல்லுங்கள். மையத்தின் ஜெனரேட்டர் தரைத்தளத்திலா, மேலேயா என்று ஒரு தடவை கேட்டுவையுங்கள். கீழே இருப்பது முதலில் மூழ்கும். டயாலிசிஸ் தள்ளிப்போகும் நாள்களில் தண்ணீரையும் உப்பையும் குறைக்க வேண்டும். நிவாரணத்தில் வரும் வாழைப்பழமும் யாரோ அன்போடு வெட்டித்தரும் இளநீரும் அவருக்கு வேண்டாம். அவற்றில் உள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தக்கூடும்.

பேரிடரில் இறந்தவர்களை உடனே புதைக்காவிட்டால் காலரா பரவும் என்கிறார்களே? (நாகப்பட்டினம் கல்லூரி மாணவி)

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப்பின் உங்கள் ஊரில் இந்தப் பயம்தான் எல்லாரையும் ஆட்டிவைத்தது. மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரை அடையாளம் காணாமலே பெருங்குழிகளில் புதைத்தோம். அந்த அவசரத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அன்று இருந்தவர்கள் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார்கள். ஆனால் அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. அலையில் இறந்தவர் நோயால் இறக்கவில்லை. இல்லாத காலராவை அவர் உடல் பரப்பாது. உலக சுகாதார நிறுவனம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. உடலைக் கையாள்பவர் கையுறையும் பூட்ஸும் போட்டு, கையைச் சோப்பால் கழுவினால் போதும். காலராவிலேயே இறந்தவர், எபோலாவில் இறந்தவர் என்றால்தான் தனிக் கட்டுப்பாடு.

அதனால் ஒவ்வொரு உடலுக்கும் ஒரு எண், முகத்துக்கு ஒரு படம், உடை, தாலி, மச்சம், தழும்பு எல்லாவற்றையும் குறித்தபின் தனித்தனியாக அடக்கம் செய்ய நேரம் உண்டு. பிள்ளையின் உடலைப் பார்க்காத தாய் எத்தனை வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று உங்கள் ஊரில் கேட்டால் சொல்வார்கள்.

அன்று உண்மையில் கவலைப்பட வேண்டியிருந்தது உயிரோடிருந்த குழந்தைகளைப் பற்றித்தான். கடலூர் மாவட்டத்தில் சுனாமிக்குப்பின் குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டது. நெருக்கமான முகாமில் அது தீயாய்ப் பரவும். முகாம் திறந்த நாளிலேயே தட்டம்மைத் தடுப்பூசியும் வைட்டமின் ஏ-யும் கொடுப்பது அதனால்தான்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று மாமியார் தடுக்கிறார். (சிதம்பரம் வாசகி)

மாமியாரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில், பன்காவ் என்ற ஊரில், காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கரைத்த நீரை டிரம்மில் வைத்து, உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை போய்க்கொண்டிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் மறைந்தார், மறு ஆண்டு பத்ம விபூஷண் வந்தது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சிங்க் மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. கண் குழிவிழுந்து, குழந்தை துவண்டு, சிறுநீர் நின்றால் உடனே 108.

எங்கள் குழு நிவாரணத்துக்குப் பால்பவுடர் டின்கள் சேகரிக்கிறது. வேறென்ன அனுப்பலாம்? (கோவை வாசகர்)

மனமார்ந்த நன்றி, ஆனால் பால்பவுடரை நிறுத்துங்கள். 2006-ல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்குப்பின் நன்கொடையாக வந்த பால்பவுடரைக் குடித்த குழந்தைகளுக்கு, குடிக்காதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வயிற்றுப்போக்கு. முகாமில் பாட்டிலைக் கொதிக்கவைக்க இடம் ஏது? பயத்தில் பால் வற்றிவிட்டது என்று தாய் சொன்னால், அவளுக்குச் சூடான சாப்பாடும், திரை போட்ட ஒரு மூலையும் கொடுத்து, அடிக்கடி குழந்தையைச் சப்பவிடச் சொல்லுங்கள், சுரந்துவிடும். தாயில்லாக் குழந்தைக்கு மட்டும் மருத்துவர் பார்த்துக் கொடுப்பார்.

அனுப்ப வேண்டியவை: நாப்கின், புது உள்ளாடை, நைட்டி, மூடியுள்ள குடம், சோப்பு, டார்ச், கொசுவலை. பழந்துணி வேண்டாம், சுனாமிக்குப்பின் அது தெருவோரம் குவிந்து நனைந்துகிடந்தது. பணம் மிஞ்சினால் தற்காலிகக் கழிவறைகளுக்குக் கொடுங்கள். இருபது பேருக்கு ஒன்றாவது வேண்டும், பெண்களுக்குத் தனியாக, விளக்கோடு. இருட்டுக்குப் பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை ஒவ்வொரு முகாமிலும் பார்க்கலாம்.

வீட்டுக்குள் பாம்பு கடித்தால்? (கடலூர் வாசகர்)

கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே தூக்கிச் செல்லுங்கள். பாம்பைத் தேடி நேரம் போக்க வேண்டாம். கட்டுவிரியன் தூங்கும்போது கடித்தால் வலியோ வீக்கமோ இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியாமை என்றுதான் தெரியும். வெள்ளக்காலத்தில் தரையில் படுக்காதீர்கள், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகுங்கள்.

மிக்ஜாம் புயலுக்குப்பின் மழைச்சத்தம் கேட்டாலே ஆறு வயது மகள் அழுகிறாள், படுக்கையை நனைக்கிறாள். (பள்ளிக்கரணை வாசகி)

அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை, பயந்திருக்கிறாள். படுக்கை நனைந்ததற்குத் திட்டாதீர்கள். அன்று என்ன நடந்தது என்று அவளையே வரையச் சொல்லி, குறுக்கிடாமல் கேளுங்கள். தொலைக்காட்சியில் வெள்ளக் காட்சிகள் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்கால அவசரப் பையை அவளோடு சேர்ந்து கட்டுங்கள், டார்ச்சுக்கு அவள்தான் பொறுப்பு என்று சொல்லுங்கள். இன்னும் ஒரு மாதத்தில் குறையவில்லை என்றால், அல்லது சாப்பாடும் பள்ளியும் தடைப்பட்டால், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்களுக்கும் தூக்கம் வரவில்லை என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதே எண்ணில் உங்களுக்காகவும் பேசுங்கள்.