51,000 வந்த மாதத்தை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன். வயது 30. கிச்சன் டவல், ஏப்ரன், மேசை விரிப்புக்கு டிசைன் போடுவதும் பையருக்கு (வாங்கும் நிறுவனத்துக்கு) அனுப்பும் டெக் பேக், அதாவது அளவு, நிறம், தையல் விவரமெல்லாம் எழுதிய உற்பத்திக் குறிப்பு, தயாரிப்பதும் என் வேலை. பிடித்தம் போக 26,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஆறு மாதமாக இரவு நேரத்தில் ஃபைவர் என்ற ஆன்லைன் ஃப்ரீலான்ஸ் தளத்தில் லோகோ, சோஷியல் மீடியா போஸ்டர் செய்து தருகிறேன். முதல் ஐந்து மாதம் 70, 160, 0, 240, 190 டாலர் என்று போனது. போன மாதம் 600 டாலர், அதாவது 51,000 ரூபாய்! அதில் 420 டாலர் அமெரிக்காவில் இருக்கும் ஒரே கிளையன்ட் கொடுத்தது. அவர் இப்போது, “இனி ஃபைவர் வேண்டாம், நேரடியாகச் செய்வோம், கமிஷன் மிச்சம்” என்கிறார். கணவர் வேலையை விட்டுவிடு என்கிறார். “வீட்டோட இருந்தா பாப்பாவையும் பாத்துக்கலாமே” என்கிறார் மாமியார். பாப்பாவுக்கு 4 வயது. அடுத்த குழந்தை பற்றியும் வீட்டில் பேச்சு ஓடுகிறது. நடுவில், பெங்களூரு பொட்டிக் ஒன்று மூன்று மாதமாக 18,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது. நான் வேலையை விடலாமா? இன்னொன்று: என் நாத்தனார் மகனிடம் டேட்டா என்ட்ரி வேலைக்கு 2,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்களாம். கட்டலாமா?
- பெயர் வேண்டாம், கரூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இப்போது விட வேண்டாம். காரணத்தைக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் 600 டாலர், ஆர்டர்களின் மொத்த மதிப்பு. ஃபைவர் அதில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 480. நீங்கள் போட்ட கணக்குப்படியே டாலருக்கு 85 ரூபாய் வைத்தாலும் 40,800 தான். அதை ரூபாயாக மாற்றி வங்கிக்குக் கொண்டுவரும்போது இன்னும் கொஞ்சம் குறையும். ஆர்டர் முடிந்த பிறகு பணம் கைக்கு வரப் பொதுவாக 14 நாள் காத்திருப்பும் உண்டு. ஆக, 51,000 என்ற எண்ணை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். அது உங்கள் கைக்கு வந்ததே இல்லை.

இனி ஆறு மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள். மொத்தம் 1,260 டாலர், மாதச் சராசரி 210. கமிஷன் போக 168, ரூபாயில் 14,280. சம்பளத்தோடு ஒப்பிட வேண்டிய தொகை இதுதான். உங்கள் சம்பளத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் நிறுவனத்தின் பிஎஃப் பங்கும் இருக்கிறது. அதைத் தர ஃபைவரில் யாரும் இல்லை.

கணவரிடம் போன மாதத்து எண்ணை மட்டும் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பூஜ்யம் வந்த மாதத்தையும் சொல்லுங்கள். ஃப்ரீலான்ஸிங் பற்றிய பேச்சு எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது: நல்ல மாதத்தைச் சத்தமாகவும் மோசமான மாதத்தை மனதுக்குள்ளும் சொல்லிக்கொள்கிறோம். யூடியூபில் ‘வீட்டிலிருந்தே லட்சம்’ என்று தம்ப்நெயில் போடுபவர்களும் அந்த நல்ல மாதத்தைத்தான் காட்டுகிறார்கள். அவர்களில் பலருக்கு லட்சம் வருவது அந்த வீடியோவிலிருந்தும் அதன் அடியில் விற்கும் கோர்ஸிலிருந்தும்தான்.

வேலையை விட வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த குழந்தை. முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுப்பு சட்டப்படி உங்கள் உரிமை. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். 26 வாரம் என்றால் ஆறு மாதச் சம்பளம், ஒன்றரை லட்சத்துக்கு மேல். வேலையை விட்ட மறுநாள் அந்த உரிமை போய்விடும். ஃப்ரீலான்ஸருக்கோ விடுப்பு எடுத்தால் வருமானமும் நிற்கும். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது பழைய கிளையன்ட்டுகள் வேறு ஆளைப் பிடித்திருப்பார்கள். எனவே குழந்தை விஷயத்தை நீங்களும் கணவரும் முதலில் பேசி முடியுங்கள். வேலையை விடுவது அதற்கு அடுத்த பேச்சு.

மாமியார் சொல்வதில் உள்ள பாசம் புரிகிறது. ஆனால் வீட்டில் இருந்து வேலை பார்ப்பதும் வீட்டில் இருப்பதும் ஒன்று என்று அவர் நினைக்கிறார், அங்கேதான் சிக்கல் வரும். பகலில் சமையல், பாப்பா, கேஸ் சிலிண்டர்காரர், வாசலில் கூரியர். உங்கள் கிளையன்ட் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால் அவருக்குக் காலை 9 மணி ஆகும்போது நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. அவர் “சின்னதா ஒரு சேஞ்ச்” என்று கேட்பது நீங்கள் பாப்பாவைத் தூங்க வைக்கும் நேரமாகத்தான் இருக்கும். என்றைக்காவது முழுநேரமாக இதில் இறங்கினாலும் பாப்பாவைப் பள்ளியிலிருந்தோ பார்த்துக்கொள்பவரிடமிருந்தோ நிறுத்திவிடாதீர்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் போய் வேலை செய்யும் நேரத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எனக்கு உண்மையிலேயே ஆர்வமூட்டிய விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஏன் லோகோ செய்துகொண்டிருக்கிறீர்கள்?

ஃபைவரில் லோகோ செய்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஐந்து, பத்து டாலருக்கெல்லாம் செய்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து ஏஐ கருவிகள் ஒவ்வொன்றாகக் குவிந்து, இன்று கிளையன்ட்டே ஒரு படத்தை உருவாக்கிக் கொண்டுவந்து “இதைக் கொஞ்சம் சரிசெய்து கொடுங்கள்” என்று கேட்கும் நிலை வந்துவிட்டது. அந்தக் ‘கொஞ்சம்’ புதிதாக வரைவதை விட அதிக நேரம் பிடிக்கும் என்பதும், அதற்குப் பாதி விலைதான் தருவார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் நீங்கள் விலையைக் குறைத்துத்தான் நிற்க முடியும்.

ஆனால் பகலில் ஆபீஸில் செய்கிறீர்களே, அந்த வேலை தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஓர் உதாரணம் யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் சின்னதாக ஒரு பிராண்ட் நடத்தும் பெண்மணி, ஐபேடில் எலுமிச்சம்பழமும் இலையுமாக அழகாக வரைந்து வைத்திருக்கிறார். கிச்சன் டவலில் அச்சடிக்க வேண்டும். மில்லுக்கு அனுப்பினால் திரும்பி வருகிறது. ரிப்பீட், அதாவது துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் டிசைன் கட்டம், ஓரத்தில் சேரவில்லை. இலையில் மட்டும் நாற்பது பச்சை இருக்கிறது. நிறத்தைத் துல்லியமாகச் சொல்லும் பான்டோன் எண் எதுவும் குறிக்கவில்லை. உருளை ஸ்கிரீன் சுழன்று அச்சடிக்கும் ரோட்டரி பிரிண்டிங் என்றால் வழக்கமான ஸ்கிரீனின் சுற்றளவு 64 சென்டிமீட்டர், ஆகவே ரிப்பீட் 64, 32, 16 என்று அதில் சரியாக வகுபட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. நீங்கள் அந்தப் படத்தை வாங்கி, நாற்பது பச்சையை இரண்டாகக் குறைத்து, மொத்த டிசைனையும் எட்டு நிறத்துக்குள் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் துணிக்கான பான்டோன் எண்ணான டிசிஎக்ஸ் எண் போட்டு, ரிப்பீட்டைச் சேர்த்து, மடித்துத் தைக்க எவ்வளவு விட வேண்டும், லேபிள் எங்கே வர வேண்டும் என்பதுவரை எழுதி ஒரு டெக் பேக்காகக் கொடுப்பீர்கள். உங்களுக்கு அது தினசரி வேலை. அவருக்கோ, அது இல்லாவிட்டால் சரக்கே வராது.

ஏஐயால் உருவாக்கிய டிசைனோடு வருபவர்களுக்கும் இதே சிக்கல்தான். திரையில் பளபளவென்று இருக்கும் படத்தைத் தறிக்கும் ஸ்கிரீனுக்கும் ஏற்றபடி மாற்ற, துணி தெரிந்த ஆள் வேண்டும். லோகோ கிக்கை (ஃபைவரில் நீங்கள் போட்டிருக்கும் சேவை விளம்பரத்தை) ஓரமாக வைத்துவிட்டு, ‘வீட்டு உபயோகத் துணிகளுக்கான டிசைனை உற்பத்திக்குத் தயார் செய்து தருகிறேன்’ என்று ஒரு கிக் போடுங்கள். விலையைத் தயங்காமல் கூட்டி வையுங்கள். ஆர்டர் எண்ணிக்கை குறையும், பரவாயில்லை. ஒரு முறை வந்த பிராண்ட் அடுத்த சீசனுக்கும் வரும். லோகோவுக்கு வந்தவர் அநேகமாகத் திரும்பி வரமாட்டார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சாம்பிள் காட்டுகிறேன் என்று ஆபீஸில் செய்த டிசைன் ஒன்றைக்கூட எடுத்துப் போடாதீர்கள், அது நிறுவனத்தின் சொத்து. உங்கள் நிறுவனத்தின் பையர்கள் பக்கமும் போகாதீர்கள். சொந்தமாக நாலைந்து டிசைன் வரைந்து அதைக் காட்டுங்கள். அப்படியே அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து, வெளிவேலை செய்யக் கூடாது என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். இருந்தால், துணி சம்பந்தமான வேலையைத் தொடங்கும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி கேட்பதுதான் சரி. கேட்கவே முடியாத சூழல் என்றால், இந்தக் கிக் நீங்கள் அங்கிருந்து வெளியே வரும் நாள்வரை காத்திருக்கட்டும். அதுவரை சாம்பிள்களைச் சேர்த்து வையுங்கள்.

அந்த 420 டாலர் கிளையன்ட் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் ஃபைவரில் அறிமுகமானவரோடு வெளியே போய்ப் பணம் வாங்குவது அவர்களின் விதிக்கு விரோதம். சாட்டில் அந்தப் பேச்சு தெரிந்தாலே கணக்கை முடக்கலாம். கணக்கோடு ஆறு மாத ரேட்டிங்கும் போகும். அதைவிட முக்கியம், ஃபைவரில் ஆர்டர் போடும்போதே கிளையன்ட் பணத்தைக் கட்டிவிடுகிறார். வெளியே வந்தால் நீங்கள் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு அவர் மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். 420க்கு அவர்கள் எடுக்கும் 84 டாலர் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று பெங்களூரு பொட்டிக் ஏற்கெனவே காட்டிவிட்டதே. “விதி அனுமதிக்காது, இங்கேயே தொடர்வோம்” என்று இரண்டு வரியில் பதில் போடுங்கள். வேலை பிடித்தவர் என்றால் இருப்பார்.

பொட்டிக் பாக்கிக்கு: வாட்ஸ்அப்பில் “மேடம், பேமென்ட்?” என்று கேட்டுக்கொண்டிருப்பதை நிறுத்துங்கள். தேதி, வேலை விவரம், தொகை, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பதெல்லாம் போட்டு முறையான இன்வாய்ஸை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பேசிய வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் உள்ளூர் வேலைகளுக்காக, குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்துவிடுங்கள். ஆதார், பான் இருந்தால் அரசுத் தளத்தில் இலவசமாகவே முடியும். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்தவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் கூட்டு வட்டியோடு கேட்கலாம். இந்த வரியை இன்வாய்ஸின் அடியில் அச்சடித்தாலே சிலர் சீக்கிரம் தந்துவிடுகிறார்கள். இனிமேல் பாதித் தொகை முன்பணம் வராமல் ஃபைலைத் திறக்காதீர்கள். மீதி வரும்வரை வாட்டர்மார்க் போட்ட சின்ன படம் மட்டும்தான் போக வேண்டும்.

வருமான வரியில், சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1 இனி உங்களுக்குப் பொருந்தாது. இந்த வருமானத்தைத் தொழில் வருமானமாகக் காட்ட வேண்டும். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்றுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓர் ஆடிட்டரை ஒரு முறை பாருங்கள். ஜிஎஸ்டி பற்றி இப்போது கவலை வேண்டாம், சேவைத் தொழிலுக்கான 20 லட்ச வரம்புக்கு நீங்கள் வெகு தூரத்தில் இருக்கிறீர்கள்.

அப்படியென்றால் எப்போதுதான் விடலாம் என்று கேட்பீர்கள். கமிஷன், வரி எல்லாம் போக மாதச் சராசரி உங்கள் சம்பளத்தைத் தாண்டி, அதுவும் ஓராண்டு முழுக்கத் தாண்டி வந்தால் யோசிக்கலாம். அந்த வருமானத்தில் எந்த ஒரு கிளையன்ட்டின் பங்கும் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. இப்போது 600இல் 420 ஒருவரிடமிருந்து வருகிறது, அவர் மனம் மாறினால் மிச்சம் 180. ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக வங்கியில் கிடக்க வேண்டும். குடும்பத்துக்குச் சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. வேலையை விட்ட பிறகு போனால் வங்கி மேனேஜர் சில ஆண்டு வரிக் கணக்கைக் கேட்பார்.

கடைசியாக நாத்தனார் மகன். ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம் என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். வேலை தருபவர் பணம் தருவார், கேட்கமாட்டார். அதோடு, ‘அக்ரிமென்ட்’ என்று ஏதாவது ஆன்லைனில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். இந்த டேட்டா என்ட்ரி மோசடியின் இரண்டாம் பாகம் அதில்தான் இருக்கிறது. முடிக்கவே முடியாத எண்ணிக்கையில் படிவங்களைக் கொடுத்து, தவறு அதிகம் என்று சொல்லி, வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பி, ‘நஷ்டஈடு கட்டு, இல்லாவிட்டால் கேஸ்’ என்று மிரட்டுவார்கள். பையன் வீட்டில் சொல்லப் பயந்து கடன் வாங்கிக் கட்டிவிடுவான். அப்படி நோட்டீஸ் வந்தால் பயந்து பதில் எழுதவோ பணம் அனுப்பவோ வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்றப் பிரிவில் புகார் செய்யட்டும். ஏற்கெனவே பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் அழைத்தால் அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.