பழைய கசெட் பாட்டுக்கு மெட்ரோனோமை எப்படிப் பொருத்துவது?

நீங்கள் கேட்டது இது: வீட்டில் இருக்கிற பழைய பாட்டு ஒன்றைக் கணினியில் ஏற்றி, அதற்கு மேல் புதிதாகக் கிட்டாரும் தாளமும் சேர்க்க வேண்டும். மென்பொருள் கண்டுபிடித்துச் சொன்ன டெம்போவை (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகத்தை) வைத்தால் முதல் இருபது செக்கன் சரியாகப் போகிறது. அதன் பிறகு மெட்ரோனோமின் 'டிக்' சத்தமான கிளிக் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்.

போன வருடம் பல மாத இரவுகளை இதே வேலையில் கழித்தேன். அதனால் என் அனுபவத்தை வைத்தே சொல்கிறேன். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் வெள்ளிக்கிழமைகளில் பஜனை நடக்கும். எண்பதுகளின் கடைசியில் பெரியப்பா அதைக் கசெட்டில் பிடித்து வைத்திருந்தார். அதில் ஒரு பாட்டு கோணேசர் மேல் அவரே எழுதி மெட்டுப் போட்டது. குரலும் ஆர்மோனியமும் அவர், தபேலா பக்கத்து வீட்டு அண்ணா, ஜால்ரா பெரியம்மா. பெரியப்பா இப்போது இல்லை. வயலின் படிக்கிற அவருடைய பேத்தி, "அப்பப்பாவோட சேர்ந்து வாசிக்க ஏலுமா?" என்று கேட்டாள். அதுதான் தொடக்கம்.

முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். பாட்டை இழுத்து மெட்ரோனோமுக்குப் பொருத்துவதா, மெட்ரோனோமைப் பாட்டுக்குப் பின்னால் நடக்க விடுவதா? இரண்டையும் மென்பொருள் செய்து தரும். நான் முதலாவதைத்தான் முதலில் செய்தேன். அடி ஒவ்வொன்றையும் பிடித்துத் திரையில் மெட்ரோனோம் காட்டும் கோட்டுக்கு இழுத்தேன். தாளம் சரியாகிவிட்டது, ஆனால் பாடுவது பெரியப்பா மாதிரி இல்லை. வரியின் முடிவில் அவர் கொஞ்சம் தங்குவார், அடுத்த வரியைச் சற்று முந்தி எடுப்பார். அந்தத் தங்கலும் முந்தலும் போனால் பாட்டில் மிச்சம் எதுவும் இல்லை. முழுவதையும் அழித்துவிட்டு, மெட்ரோனோமை அவருக்குப் பின்னால் விட்டேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். பழைய பதிவின் காலப்பிரமாணத்தில் கை வைக்காதீர்கள்.

டெம்போவைத் தேடுவதற்கு முன் கசெட்டின் வேகத்தைப் பாருங்கள். கசெட் நாடா செக்கனுக்கு 4.76 சென்டிமீற்றர் ஓட வேண்டும். பதிவு செய்த ரெக்கோர்டரின் பெல்ட் தளர்ந்து மெதுவாக ஓடியிருந்தால், நல்ல பிளேயரில் போடும்போது பாட்டு வேகமாகவும் சுருதி கூடியும் கேட்கும். எங்களிடம் அதே ஆர்மோனியம் இன்னும் இருக்கிறது. பெரியப்பா ஆதார சட்ஜமாக வைத்த கட்டையை அழுத்திப் பார்த்தேன். கசெட்டில் அது ஏறக்குறைய அரைக் கட்டையில் பாதி அளவு உயர்ந்து நின்றது. நூற்றுக்கு மூன்று பங்கு வேகம் கூடினால் அந்தளவு உயரும்.

ஆர்மோனியம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மின்சாரத்தில் ஓடிய ரெக்கோர்டராக இருந்தால், பாட்டுக்கு அடியில் அந்த மெல்லிய 'ம்ம்ம்' இரைச்சலும் சேர்ந்து பதிவாகியிருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் பாட்டு இல்லாத ஒரு துண்டைத் தெரிந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) போட்டு, சைஸை 65536 என்று வையுங்கள். என் கசெட்டில் 50 இல் ஒரு சிறு முனை தெரிந்தது, அது இப்போது ஓட்டிய பிளேயரின் இரைச்சல். அதற்குப் பக்கத்தில் 51.5 இல் இன்னொன்று. அது அன்றைக்கு எங்கள் வீட்டில் ஓடிய மின்சாரம். முப்பது வருடத்துக்கும் முந்திய வீட்டின் இரைச்சலைக் கணினித் திரையில் பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். 51.5 ஐ 50 ஆல் வகுத்தால் 1.03, ஆர்மோனியம் சொன்ன அதே கணக்கு. கோவில் திருவிழாவில் ஜெனரேட்டர் போட்டுப் பதிவு செய்திருந்தால் மட்டும் இந்த வழியை நம்பாதீர்கள், அதன் வேகம் நிலையாக இருக்காது.

சரி, வேகத்தை 0.971 மடங்காகக் குறைத்தேன். இங்கே சுருதியும் சேர்ந்து இறங்க வேண்டும். ஆகவே சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைக்கிற எஃபெக்ட்டைப் பாவிக்காதீர்கள். இதை டெம்போவுக்கு முன்பே முடிக்க வேண்டும், பிறகு செய்தால் போட்ட கணக்கெல்லாம் வீண்.

அடுத்தது சமத்தை, அதாவது தாளச் சுற்றின் முதல் அடியைப் பிடிப்பது. பலர் பிழைவிடுகிற இடம் இதுதான். பாட்டு தொடங்கும் இடத்தைத் தாளம் தொடங்கும் இடமென்று எடுத்துக்கொள்கிறோம். எங்கள் பாட்டுகளில் எடுப்பு சமத்திலேயே இருக்க வேண்டும் என்றில்லை. பெரியப்பாவின் பல்லவி சமத்துக்கு அரை அடி தள்ளித்தான் எடுக்கிறது. குரல் தொடங்கிய இடத்தை ஒன்றாம் அடியாக வைத்தால் முழுப் பாட்டும் அரை அடி பிசகும். கையால் தாளம் போட்டுக்கொண்டு இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) கேளுங்கள், சமம் எது என்று கை சொல்லும். பிறகு அலையைப் பெரிதாக்கி அந்த அடியின் தொடக்கத்தைக் குறியுங்கள். ஜால்ராவின் அடி திரையில் ஊசி மாதிரி நிற்பதால் முதலில் அதைத்தான் நான் பிடித்தேன். ஆனால் பெரியம்மா எல்லா இடத்திலும் ஒரு துளி பிந்தியே தட்டியிருக்கிறார், ஏறக்குறைய 30 மில்லிசெக்கன். அண்ணாவின் வலது தபேலா அடிதான் பாட்டை நடத்தியது. உங்கள் பதிவில் யார் நடத்துகிறார்கள் என்று கேட்டு, அவருடைய அடியை எடுங்கள்.

மென்பொருளின் தானியங்கிக் கணிப்பை விட எண்ணுவதே எனக்குச் சரிவந்தது. முதல் சமம் 3.2 செக்கனில் இருந்தது. எட்டு அட்சர ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம், அதாவது 64 அடி தாண்டி வந்த சமம் 46.4 செக்கனில். இடைவெளி 43.2 செக்கன். 64 ஐ 60 ஆல் பெருக்கி 43.2 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 88.89 அடி. இதை 89 என்று முழுமையாக்கக் கூடாது. அந்தச் சின்ன வித்தியாசம் நான்கு நிமிடத்தில் 0.3 செக்கனாக வளரும், கிட்டத்தட்ட அரை அடி. மென்பொருள் உங்களுக்கு 178 என்றோ 44 என்றோ காட்டினால் பயப்பட வேண்டாம், அது இரட்டிப்பாகவோ பாதியாகவோ எண்ணியிருக்கிறது.

ஆனால் 88.89 பல்லவிக்கு மட்டும்தான். மனிதர்கள் வாசிக்கும் பாட்டு ஒரே வேகத்தில் போகாது, பஜனை என்றால் ஏறிக்கொண்டே போகும். முதல் சரணத்தில் 92 ஆகிவிட்டது, முடிவில் கிட்டத்தட்ட 100. உங்கள் கிளிக் விலகுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே பாட்டு முழுவதற்கும் ஒரு டெம்போ வரைபடம், அதாவது எந்த இடத்தில் என்ன வேகம் என்ற குறிப்பு, போட வேண்டும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒரு பாரின் (மென்பொருள் எண்ணும் தாளச் சுற்றின்) தொடக்கம் முதல் முடிவு வரை தெரிந்தெடுத்து, 'கிரியேட் மெஷர் ஃப்ரம் டைம் செலெக்‌ஷன்' என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்த இடத்துக்கான டெம்போவை அதுவே குறித்துவிடும். கியூபேஸ் என்ற மென்பொருளில் இதற்கு டைம் வார்ப் என்ற கருவி இருக்கிறது. லாஜிக் என்ற மென்பொருளில் ஸ்மார்ட் டெம்போ. ஆடாசிட்டியில் திட்டம் முழுவதற்கும் ஒரே டெம்போதான், எனவே சுத்தம் செய்யும் வேலையை அதில் முடித்துவிட்டு வேறொன்றுக்கு மாறுங்கள்.

இதைத் தொடங்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டியது: ரீப்பரில் பாட்டின் டைம்பேஸை (பாட்டு எதைப் பின்பற்றி நிற்க வேண்டும் என்ற அமைப்பை) 'டைம்' என்று மாற்றுங்கள். கியூபேஸ் என்றால் 'லீனியர்'. இல்லாவிட்டால் டெம்போவை மாற்றும் ஒவ்வொரு தடவையும் பாட்டும் சேர்ந்து நீளும், சுருங்கும். எனக்கு ஒரு முழு இரவு இதில் போனது.

எத்தனை இடத்தில் குறிப்பது? அடிக்கு ஒன்று போடாதீர்கள். நாடாவின் சின்ன ஆட்டங்களையும் சேர்த்துப் பிடித்துக் கிளிக் நடுங்கும், அதைக் கேட்டு யாராலும் வாசிக்க முடியாது. ஆவர்த்தனத்துக்கு ஒன்று போதும். வேகம் நிலையாகப் போகிற இடங்களில் நான் நான்கு ஆவர்த்தனத்துக்கு ஒன்றுதான் வைத்தேன். எங்கே அடர்த்தியாக, எங்கே ஐதாக என்பதை உங்கள் காது சொல்லும்.

உங்கள் பாட்டு பைலா மாதிரி ஆறெட்டு நடை என்றால் ஒரு கவனம். நாம் கால் தட்டுவது பாருக்கு இரண்டு தட்டு, பல மென்பொருள்கள் எண்ணுவதோ கால் பங்கு சுரத்தை (குவார்ட்டர் நோட்). நிமிடத்துக்கு 70 தட்டு என்றால் மென்பொருளில் 105 என்று போட வேண்டும், ஒன்றரை மடங்கு.

வரைபடம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கிளிக்கோடு பாட்டை முழுவதும் கேளுங்கள். திரையில் கோடு பொருந்தியிருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். முதல் சமத்துக்கு முன் இரண்டு பார் கிளிக் வரும்படி பாட்டைத் தள்ளி வைத்தால் புதிதாக வாசிப்பவர் நிதானமாக உள்ளே வரலாம். தாளம் இல்லாத ஆலாபனைப் பகுதிக்குக் கிளிக்கே வேண்டாம்.

பிள்ளைக்கு ஹெட்போனில் அப்பப்பாவின் குரலைப் பெரிதாகவும் கிளிக்கைச் சின்னதாகவும் வைத்துக் கொடுத்தேன். கடைசிச் சரணத்தில் ஒரு சொல்லில் அவர் நின்று மூச்செடுப்பார், தபேலாவும் அவருக்காகக் காத்திருக்கும். நான் எத்தனை குறி வைத்தும் அந்த இடத்தில் கிளிக் பொருந்தவில்லை. அந்த இரண்டு பாருக்கு மட்டும் அதை நிறுத்திவிட்டேன். அவள் வில்லை நரம்பில் வைத்தபடி அவர் மூச்செடுத்து முடியும்வரை காத்திருந்து, அடுத்த சமத்தில் சரியாக அவரோடு சேர்ந்து எடுத்தாள்.