புற்றுநோய் ஆராய்ச்சிக்கு டாக்டர் படிப்புதான் வழியா?

"டாக்டருக்குப் படி என்றால், மார்பகப் புற்றுநோய் செல்லை வளரவைக்கும் புரதங்களை ஆராயப் போகிறேன் என்கிறாள். நம்பி விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம் அம்மா. ஆனால் அது என்ன வேலை என்று நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

செல் தன் இஷ்டத்துக்குப் பிரிவதில்லை. ஆர்பி என்ற புரதம் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. சைக்ளின் டி1 என்ற இன்னொரு புரதம் சிடிகே4, சிடிகே6 நொதிகளோடு சேர்ந்து அந்தத் தடையைத் தளர்த்துகிறது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம், உண்டு. ஹார்மோன் அதில் ஒட்டியதும் சைக்ளின் டி1 கூடும், பிரிதலும் கூடும். இந்தச் சங்கிலியை எங்கே வெட்டலாம் என்று தேடுவதுதான் உங்கள் மகள் சொல்லும் ஆராய்ச்சி. டமாக்சிஃபென் மருந்து ஏற்பியிலேயே இடம்பிடித்து ஹார்மோனை ஒட்டவிடாமல் செய்கிறது. 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசைக்ளிப் என்ற மருந்து சிடிகே4, சிடிகே6 நொதிகளை முடக்குகிறது.

சைக்ளின் வகைப் புரதங்களை முதலில் கண்டுபிடித்த டிம் ஹன்ட் டாக்டர் அல்ல, உயிர்வேதியியலாளர். அவர் பார்த்துக்கொண்டிருந்தது புற்றுநோயையும் அல்ல, கடல் முள்ளெலியின் முட்டைகளை! 2001-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல், உயிரித்தொழில்நுட்பம், எதில் சேர்ந்தாலும் சரி. பாடத்தின் பெயரை விட, மாணவர்களே செல் வளர்த்து, வெஸ்டர்ன் பிளாட் (ஒரு புரதம் இருக்கிறதா, எவ்வளவு என்று காட்டும் சோதனை) செய்து பார்க்க விடும் கல்லூரியா என்று விசாரியுங்கள். புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும் கட்டாயம். இன்று உயிரியலில் நிறைய வேலை கணினியில்தான்.

வருமானம்தான் உங்கள் கவலை என்றால், மறைக்காமல் சொல்கிறேன். பள்ளி முடித்ததிலிருந்து பிஎச்டி முடிக்கப் பத்தாண்டு ஆகலாம். பேராசிரியர் பதவிகள் குறைவு. முதுகலையோடு நிறுத்தினாலும் மருந்து நிறுவனம், பரிசோதனைக்கூடம், மருந்துச் சோதனைத் திட்டங்கள் என்று வழி இருக்கிறது.

மகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: நோயாளியின் எதிரில் உட்கார ஆசையா, மாதக்கணக்கில் ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யப் பொறுமை இருக்கிறதா? முதலாவதுதான் என்றால் டாக்டர் படிப்பே பொருந்தும். புற்றுநோய் மருத்துவர்களும் ஆராய்ச்சி செய்கிறார்கள்.