ரேஸ்ல ஓடின, கஸ்டமா பில்ட் பண்ணின பழைய மசில் காரை விக்கணும், போட்ட காசாவது திரும்புமா?

திரும்பாது. நீங்களும் என்னை மாதிரி பழைய பில்லு எல்லாத்தையும் கூட்டி ஒரு விலை மனசுல வச்சிருப்பீங்க, அதை அப்படியே விளம்பரத்துல போட்டா ஒருத்தரும் போன் பண்ண மாட்டாங்க.

நான் டெட்ராய்ட் பக்கம் இருக்கேன். 1969 செவர்லே கமாரோ ஒண்ணு 11 வருஷம் வச்சிருந்து போன வருஷம் தான் குடுத்தேன். அது ஃபேக்டரில இருந்து வந்தப்போ சாதாரண வி8 வண்டி. எழுபதுகள்ல அதை வச்சிருந்தவர் உள்ள கேஜ் (வண்டி உருண்டா ஆளைக் காப்பாத்தற இரும்புக் கூண்டு) அடிச்சு, இசட் 28ங்கற ரேஸுக்காக செஞ்ச கமாரோக்கு வர்ற 302 கன இஞ்ச் இன்ஜினை வேற வண்டில இருந்து எடுத்து மாட்டி, இங்க மிச்சிகன்ல இருக்கற வாட்டர்ஃபோர்ட் ஹில்ஸ் டிராக்ல கிளப் ரேஸ் ஓட்டிருக்கார். அது ஏன் 302ன்னா, அப்போ டிரான்ஸ் ஆம்ங்கற அமெரிக்க ரேஸ் தொடர்ல இன்ஜின் 305 கன இஞ்சுக்கு மேல போகக்கூடாது, அதுக்குள்ள அடங்கணும்னு செவர்லே தன்னோட 327 இன்ஜின் போரையும் (சிலிண்டர் அகலம்) 283 இன்ஜின் ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் நகர்ற தூரம்) சேத்து செஞ்ச இன்ஜின் அது. 1968, 69 ரெண்டு வருஷமும் சாம்பியன்ஷிப் செவர்லேக்கு தான், ரேஸ் டிரைவர் மார்க் டோனஹ்யூ அதுல ஓட்டினது கமாரோ மாடல் தான்.

உடனே "அப்போ உன் வண்டி குளோன் தானே, சாதா வண்டியை இசட் 28 மாதிரி மாத்தினது தானே"ன்னு யாராவது வருவாங்க. இசட் 28ன்னு சொல்லி நான் விக்கவே இல்ல. 69 மாடல்ல வின் நம்பரை (வண்டியோட அடையாள நம்பர்) மட்டும் பாத்து இசட் 28ஆ இல்லையான்னு கண்டுபிடிக்க முடியாது, அந்த 302 இன்ஜினா இருந்தா பிளாக்ல டிஇசட்னு அடிச்சிருக்கும், அதே பிளாக்ல வின்னோட கடைசி நம்பர்களும் இருக்கும். என் வண்டில டிஇசட் இருந்துச்சு, ஆனா அதுல இருந்த வின் பாடியோட வின்னோட ஒத்துப் போகல, அதாவது இன்ஜின் வேற வண்டியோடது. அதை விளம்பரத்துல முதல் வரிலயே எழுதினேன், மறைச்சிருந்தா வந்து பாக்கறவர் டார்ச் அடிச்ச நிமிஷமே தெரிஞ்சிருக்கும். ரோட்டுல ஓட்டற வண்டிக்கு ரேஸ் கார் மாதிரி பெயின்ட்ல கோடு போட்டு விக்கிறது வேற, நிஜமா ரேஸ்ல ஓடின வண்டி வேற. என்கிட்ட லாக்புக் இருந்துச்சு, ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாடியும் செக் பண்ணினவங்க கையெழுத்தோட. விலை பேசினது அந்தச் சின்ன புக் தான்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. விக்கறதுக்கு முன்னாடி பின் குவார்ட்டர் பேனல்ல (பின் சக்கரத்துக்கு மேல இருக்கற தகடு) இருந்த துருவை மட்டும் எடுக்கச் சொல்லி ஒரு பாடி ஷாப்ல விட்டேன். அவங்க கதவுல கையால எழுதியிருந்த பழைய ரேஸ் நம்பரையும் இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டிக்கரையும் சேத்து தேச்சு எடுத்துட்டாங்க, 40 வருஷத்துக்கு மேல ஆன பெயின்ட், போனது போனது தான். ஒஹையோல இருந்து வாங்க வந்தவர் கதவைப் பாத்துட்டு அங்கயே 6,000 டாலர் குறைச்சுக் கேட்டார், அவர் மேல தப்பே இல்ல. அதனால கை கூப்பிக் கேக்கறேன், விக்கறதுக்காக பளபளன்னு ஆக்காதீங்க.

  

சரி விலைக்கு வரேன். வண்டி வாங்கினது, இன்ஜின், கியர்பாக்ஸ், எல்லாம் சேத்து எனக்கு 61,000 டாலர் ஆச்சு, 46,000க்கு குடுத்தேன். ஏலத்துக்கு விடுன்னு நிறைய பேர் சொன்னாங்க, ஒரிஜினல் இன்ஜினோட இருக்கற இசட் 28னா நானே விட்டிருப்பேன். நம்ம மாதிரி பில்ட் வண்டியோட அருமை தெரிஞ்சவர் அன்னிக்கு ஹால்ல இல்லைன்னா அடிமாட்டு விலைக்குப் போயிடும், அதுலயும் கமிஷன் எடுப்பாங்க. என் வண்டியை வாங்கினவர் வின்டேஜ் ரேஸ், அதாவது பழைய வண்டிகளுக்குன்னு நடக்கற ரேஸ் ஓட்டறவர். லீக் டவுன் டெஸ்ட் (இன்ஜின் சிலிண்டர்ல காத்து கசியுதான்னு பாக்கறது) பண்ணி, வண்டியைத் தூக்கி கேஜ் வெல்டிங் ஒவ்வொண்ணா பாத்தார், லாக்புக்கை மட்டும் ஒரு மணி நேரம் படிச்சார். அந்த மாதிரி ஆளைத் தேடுங்க, ரேஸ் நடக்கற எடத்துக்கே போய் விசாரிங்க.

கேஷியர் செக்கை (பேங்கே தன் பேர்ல எழுதித் தர்ற செக்) மட்டும் கையில வாங்கி நம்பிடாதீங்க, போலி நிறைய சுத்துது. வாங்கறவரோட பேங்குக்கே கூடப் போய் உங்க முன்னாடி எழுதி வாங்குங்க. மிச்சிகன்னா ரெண்டு பேரும் சேந்தே வண்டிப் பதிவு பண்ற செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸுக்குப் போய் டைட்டிலை (வண்டியோட உரிமைப் பத்திரம்) மாத்திடுங்க, நம்பர் பிளேட்டை கழட்டிக்க மறக்காதீங்க, அது வண்டியோட போகாது.