வாசலில் பாயும் கன்னி நாய்: பாளையங்கோட்டை நண்பருக்கு

உங்கள் 10 மாதக் கன்னி இன நாய் வருவோர் மீதெல்லாம் முன்கால்களைத் தூக்கி வைத்துப் பாய்கிறது, முழங்காலால் இடித்தும் அதட்டியும் பயனில்லை, ஆச்சி தடுமாறி விழப் பார்த்தார் என்று எழுதியிருந்தீர்கள்.

இடிப்பதை முதலில் நிறுத்திவிடுங்கள். நாய் பாய்வது முகத்தருகே வந்து நம் கவனத்தைப் பெறுவதற்காகத்தான். தள்ளுவதும் கத்துவதும்கூட அதற்கு விளையாட்டாகவே படும். பாய்ந்தால் பேச்சும் பார்வையும் இல்லாமல் முதுகைக் காட்டி நின்று, நான்கு கால்களும் தரையில் பட்ட அந்த நொடியிலேயே குனிந்து தடவிக்கொடுத்து, சுண்டுவிரல் நகமளவு வேகவைத்த ஈரலைத் தரைக்கு அருகில் நீட்டுங்கள். கையை உயர்த்திக் கொடுத்தால் நாமே அதைக் குதிக்கச் சொன்னதாகிவிடும்.

பழக்குவதற்கு விருந்தாளிக்காகக் காத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனை மாலையில் பத்துத் தடவை கதவைத் தட்டி உள்ளே வரச் சொல்லுங்கள். நாய் தார்சாவில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், கயிற்றில் இருக்கட்டும். அது எழுந்தால் அவன் திரும்பிப் போக வேண்டும், உட்கார்ந்தால் மட்டுமே நெருங்க வேண்டும். முதல் சில நாள்கள் பாய்ச்சல் கூடவும் செய்யும். அப்போது மனமிரங்கி ஒருமுறை கொஞ்சிவிட்டாலும், 'விடாமல் குதித்தால் பலன் உண்டு' என்று அது கற்றுக்கொள்ளும். வீட்டில் சித்தப்பா ஒருவர், 'குழந்தைதானே, விடு' என்பவர், நிச்சயம் இருப்பார். அவரைப் பழக்குவதுதான் கடினம்.

அல்வாப் பொட்டலத்தோடு வருவோரிடம் அதை வாசலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நாய் அடங்கும்வரை ஆச்சி வரும்போதெல்லாம் கயிறு உங்கள் கையில் இருக்கட்டும்.