"ஐசியுவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இனி என்ன?" – ஸ்டெம் செல் ஏற்றியவர்களின் வீட்டார் கேட்டவை

கொழும்பில் ஐசியு தாதியாக வேலை செய்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உண்டாக்கும் தாய் செல்) மாற்று செய்தவர்களைப் பற்றியவை. பலர் கேட்டதை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அண்ணாவுக்கு செல் ஏற்றிப் பத்து நாள். நேற்று ஐசியுவுக்கு மாற்றினார்கள். கைவிட்டுவிட்டார்களா மிஸ்? – வெள்ளவத்தை

இல்லை தங்கச்சி. கைவிட்ட ஆளுக்கு ஐசியு கட்டில் கொடுக்க மாட்டார்கள். செல் ஏற்றுமுன் கொடுத்த கடும் கீமோவில் ரத்தம் உண்டாகும் பழைய எலும்பு மச்சை அழிந்துவிட்டது, புதிய செல்கள் இன்னும் வேர் பிடிக்கவில்லை, நடுவில் நிற்கிறார் உங்கள் அண்ணா. கிருமியோடு சண்டை பிடிக்கும் வெள்ளை அணுவான நியூட்ரோபில் 500க்குக் கீழே போனாலே ஆபத்து, இவர்களுக்குச் சில நாள் பூச்சியத்திலேயே கிடக்கும். அந்த நேரம் பார்த்து, வாயிலும் குடலிலும் சும்மா இருந்த கிருமி ரத்தத்தில் இறங்கி பிரஷரை விழுத்திவிடும். அதைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று கிழமைக்குள் செல் பிடித்துவிடும், மூன்று நாள் தொடர்ந்து 500க்கு மேல் நின்றால் பிடித்துவிட்டது என்போம். பயமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வென்டிலேட்டர் வரை போனால் கடினம்தான். தினமும் காலையில் இரண்டு விஷயம் கேளுங்கள்: இன்று நியூட்ரோபில் எவ்வளவு, பிரஷர் மருந்து கூடியதா குறைந்ததா.

சொந்த அக்கா ரத்தம் தர நிற்கிறார், வேண்டாம் என்கிறார்களே? – கொட்டாஞ்சேனை

சொந்தம் என்பதுதான் பிரச்சினையே. தானம் தந்தவரின் வெள்ளை அணுக்கள் கொஞ்சம் அந்த ரத்தத்தோடு வரும். பிறத்தியாருடையது என்றால் சாதாரண உடம்பு அடையாளம் கண்டு கொன்றுவிடும். சாயல் ஒத்த சொந்தக்காரருடையது என்றால், அதுவும் எதிர்ப்புச் சக்தியே இல்லாத உடம்பில், அவை தங்கிப் பெருகித் தோல், குடல், ஈரல், மச்சை எல்லாவற்றையும் தாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பவர் மிகக் குறைவு. அதனால் இவர்களுக்குப் போகும் ரத்தமும் பிளேட்லெட்டும் யார் தந்ததானாலும் அந்த வெள்ளை அணுக்கள் பெருகாதபடி கதிர்வீச்சு கொடுத்துத்தான் வரும், ரத்தத்தில் கதிர் எதுவும் மிஞ்சாது. ஸ்டெம் செல் பைக்கு மட்டும் கதிர்வீச்சு ஒருபோதும் கூடாது, செல்கள் செத்துவிடும், ஆகவே லேபிளை இரண்டு பேர் சத்தமாக வாசித்த பிறகுதான் பையைக் கொழுவுவோம். அக்கா ரத்த வங்கியில் வேறு நோயாளிகளுக்குக் கொடுக்கட்டும், அதுவும் புண்ணியம்தான்.

வீட்டுக்கு வந்து மூன்று கிழமை. அப்பாவுக்கு இரவில் 38.2. பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்கலாமா? – தெஹிவளை

கூடாது. இதை வாசிக்குமுன்பே போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெள்ளை அணு குறைந்த உடம்பில் சீழ் கட்டாது, சளி பெரிதாக வராது, பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் தெரியும் அடையாளம். பனடோல் அதையும் மறைத்துவிடும். 38ஐத் தொட்டதும் வோர்டுக்குப் போன் பண்ணிவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் முதல் வசனமே "ஸ்டெம் செல் மாற்றியவர், காய்ச்சல்" என்று இருக்கட்டும், வரிசையில் உட்கார வேண்டாம், ஒரு மணி நேரத்துக்குள் அன்டிபயோடிக் ஏற வேண்டும். காலி வீதி நெரிசலில் கிளினிக் புத்தகம் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது, அதையும் மருந்துப் பட்டியலையும் கதவோரம் ஒரு பையில் வையுங்கள். ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் கிருமி பரவும். நடுக்கம், மாறிப் பேசுதல் இருந்தால் தெர்மோமீட்டரை நம்பி இருக்காதீர்கள்.

கோயில் நூல், விபூதி, செவ்விளநீர்? – வத்தளை

ஈர நூலில் கிருமி தங்கும், கையில் வேண்டாம். ஒரு அம்மா கொண்டுவந்த நூலைப் புதுப் பொலித்தீன் பையில் போட்டு மூடி, மகன் கண்ணுக்குப் படும்படி கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிட்டேன், அவருக்கு அது போதுமாக இருந்தது. விபூதி, பூ வேண்டாம். செவ்விளநீரில் பொட்டாசியம் அதிகம், எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தைக் கூட்டும், டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வல்லாரைச் சம்பல் போன்ற பச்சையானவையும் இப்போதைக்கு இல்லை. சுடச்சுட அவித்த புட்டுக்குத் தடையில்லை.

புதிதாக இந்த யூனிட்டுக்கு வந்த தாதி நான். மொனிட்டரைத் தவிர எதைப் பார்க்க வேண்டும்?

நிறையை. தினமும் ஒரே நேரம், ஒரே தராசு. இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறி, வலது விலாவின் கீழ் நோவும் கண்ணில் மஞ்சளும் சேர்ந்தால் ஈரலின் சிறு ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றனவோ என்று சந்தேகப்படுங்கள். முதல் மூன்று கிழமை இதற்கு முக்கியம். லைன் (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் வைத்த குழாய்) தொடுமுன் அதன் மூடியைக் கிருமிநாசினியால் அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, பிறகு திறவுங்கள், ஈரத்தோடு திறந்தால் தேய்த்த பலன் போய்விடும்.

அப்புறம் வாய். ஒவ்வொரு டியூட்டியிலும் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ஐயா மணிக்கொரு தடவை ஐஸ் துண்டு கேட்பவர், ஒரு இரவு கேட்கவே இல்லை. நிம்மதியாகத் தூங்குகிறார் என்று விட்டிருக்கலாம், மொனிட்டரிலும் எல்லாம் சரி. டோர்ச் அடித்தால் நாக்கு வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல் தலையணை நனைந்து கிடக்கிறது. உடனே டொக்டரைக் கூப்பிட்டோம், மூச்சுப் பாதை அடைபடுமுன் குழாய் வைக்க நேரம் கிடைத்தது. ஆறாம் நாள் குழாயை எடுத்ததும் அவர் முதலில் சைகையால் கேட்டது ஐஸ் துண்டுதான்.