கரீபியன் தீவுகளில் ஒரே ஒரு தலைநகரத்துக்குத்தான் போக முடியும் என்றால் எங்கே போகலாம்? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

போர்ட் ஆஃப் ஸ்பெயின். டிரினிடாட் - டொபாகோவின் தலைநகரம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளை மணல், நீலக்கடல், தென்னை நிழலில் சாய்வு நாற்காலி என்று கனவோடு கேட்டிருந்தால் இந்த ஊர் உங்களுக்குச் சரிப்படாது, பார்படோஸ் பக்கம் போய்விடுங்கள். இங்கே ஊருக்குள் குளிக்கிற மாதிரி கடற்கரையே கிடையாது. துறைமுகம், கிரேன், கன்டெய்னர், டொபாகோ போகும் கப்பல், அவ்வளவுதான். நான் தெற்கே பாயின்ட் லிசாஸில் ஓர் அமோனியா ஆலையில் வேலை பார்த்தவன். லீவு கிடைத்தால் மாக்ஸி டாக்ஸி என்ற ஷேர் வேன் பிடித்து இந்த ஊருக்கு வந்துவிடுவேன். தெருவில் நடக்க நடக்கச் சுவாரசியம் கூடிக்கொண்டே போகும் ஊர் இது. ஆள வந்தவர்கள் ஒழுங்குக்காகக் கட்டிய இடங்களையெல்லாம் இந்த ஊர் ஜனங்கள் சத்தம் போடுவதற்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கதை தெரிந்து போனால்தான் இங்கே பார்ப்பதற்கு அர்த்தம் வரும்.

வெயில் நமக்குப் பழகியதுதான். ஏறக்குறைய திருச்சியின் அட்சரேகையில் இருக்கிறது. வெனிசுவேலாவின் கரை, தீவுக்கு மிக நெருங்கும் இடத்தில், 11 கிலோமீட்டர் தூரம்தான். கரீபியனின் தென்கோடி என்பதால் பெரும்புயல்கள் பெரும்பாலும் வடக்கே ஒதுங்கிப் போய்விடும்.

ஸ்பானியர்கள் 1592-ல் தலைநகரமாக அமைத்தது இதை அல்ல, உள்ளே தள்ளியிருந்த சான் ஹோசே என்ற ஊரை. மூன்றே வருடத்தில் ஆங்கிலேயரான வால்டர் ராலே வந்து அதைக் கொளுத்திவிட்டுப் போனார். அப்புறமும் தத்தளித்துக்கொண்டே இருந்தது அந்த ஊர். ஆளுநர் தங்கும்படியான வீடுகூட அங்கே இல்லாமல் போக, 1757-ல் அவர் கடலோரம் இருந்த இந்தக் குட்டித் துறைமுகத்துக்குக் குடிபெயர்ந்தார். ஊரை ஊராக்கியது 1783-ல் ஸ்பெயின் அரசர் போட்ட ஓர் ஆணை. கத்தோலிக்கராக இருந்தால் போதும், வந்து குடியேறினால் நிலம் இனாம், கூட்டிவரும் அடிமைகளின் தலைக்கு இவ்வளவு என்று கூடுதல் நிலமும் உண்டு. பக்கத்துத் தீவுகளிலிருந்து பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் அடிமைகளோடு வந்து குவிந்தார்கள். சுதந்திரமான கலப்பினத்தவரும் வந்தார்கள். அவர்களுக்குப் பாதி நிலம். ஆக, கொடி ஸ்பெயினுடையது, தெருவில் பேச்சு பிரெஞ்சு. 1797-ல் பிரிட்டிஷ் கடற்படை வந்து நின்றபோது ஸ்பெயினின் தளபதி தன் கப்பல்களைத் தானே கொளுத்தினார். தீவு ஏறக்குறைய சண்டையே இல்லாமல் கைமாறியது. அதற்கப்புறம் சட்டம் ஆங்கிலத்தில் வர ஆரம்பித்தது, பேச்சு மட்டும் இன்னும் பல தலைமுறைக்கு பிரெஞ்சுக் கிரியோல் என்ற கலப்பு மொழியாகவே ஓடியது.

கடைசி ஸ்பானிய ஆளுநர் சாக்கோன், ஊருக்கு நடுவே ஓடி வெள்ளம் விட்டுக்கொண்டிருந்த ஆற்றை 1787-ல் கிழக்கே லாவென்டில் குன்றின் அடிவாரத்துக்குத் திருப்பிவிட்டார். ‘டிரை ரிவர்’ என்று இன்று கான்கிரீட் கால்வாயாகக் கிடப்பது அதுதான். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கால்வாய்தான் இந்த ஊரின் மேடு பள்ளக் கோடு. மேற்கே போகப்போக வசதி. கிழக்கே ஏழைகள், அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானபின் தோட்டங்களிலிருந்து வந்து குன்றில் குடிசை போட்டவர்கள். 1808-ல் பெருந்தீ ஒன்று ஊரின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. பின்னர் ஆளுநராக வந்த ரால்ஃப் உட்ஃபோர்ட் சதுக்கம், பேராலயங்கள், தாவரவியல் பூங்கா என்று இன்றைய ஊரின் உருவத்தைக் கொடுத்தார்.

அவர் பெயர் கொண்ட உட்ஃபோர்ட் சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால், எதிரே ரெட் ஹவுஸ் என்ற நாடாளுமன்றம். 1897-ல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காகச் சிவப்புச் சாயம் பூசப்போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆறே வருடத்தில், 1903 மார்ச் 23 அன்று, ஜனங்கள் அதை எரித்துவிட்டார்கள். காரணம் தண்ணீர். புதிதாக மீட்டரும் கட்டணமும் கொண்டுவரும் சட்டத்தை உள்ளே விவாதிக்கிறார்கள். பார்க்க வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கி வா என்று அரசு விதி போட்டது. எங்கள் வரிப்பணத்தில் நடக்கும் சபைக்கு எங்களுக்கே டிக்கெட்டா என்று கூட்டம் இதே சதுக்கத்தில் கூடியது. கல் பறந்தது, தீ பிடித்தது, போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். இப்போது நீங்கள் பார்ப்பது 1907-ல் திரும்பக் கட்டிய கட்டடம்.

அதோடு முடியவில்லை. 1950-களில் எரிக் வில்லியம்ஸ் என்ற வரலாற்று அறிஞர் இதே சதுக்கத்தில் மாலை நேரங்களில் அடிமை முறையின் பொருளாதாரத்தையும் அரசியல் சட்டத்தையும் பற்றி வகுப்பு எடுக்கிற மாதிரி பேசுவார். கூட்டம் அலைமோதும். ‘உட்ஃபோர்ட் சதுக்கப் பல்கலைக்கழகம்’ என்று அவரே அதற்குப் பெயர் வைத்தார். 1962-ல் விடுதலை வந்தபோது அவர்தான் பிரதமர். 1970-ல் கருப்பின எழுச்சிக்காரர்கள் அவருக்கு எதிராகத் திரண்டதும் இதே இடத்தில்தான். அவர்கள் வைத்த பெயர் ‘மக்கள் நாடாளுமன்றம்’. 1990 ஜூலை 27 அன்று ஓர் ஆயுதக் குழு ரெட் ஹவுஸுக்குள் புகுந்து பிரதமர் ராபின்சனையும் உறுப்பினர்களையும் பிணையாகப் பிடித்தது. முற்றுகை ஆறு நாள் நீடித்தது. ராணுவத்தைப் பின்வாங்கச் சொல் என்று துப்பாக்கி முனையில் மிரட்டியபோது, முழு பலத்தோடு தாக்குங்கள் என்று சொன்னவர் ராபின்சன். காலில் சுட்டார்கள். கட்டடத்தைப் புதுப்பிக்கத் தோண்டியபோது 2013-ல் அடியில் பூர்வகுடிகளின் எலும்புகளும் மண்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. அவர்களது வழித்தோன்றல்கள் சடங்கு செய்து மறுபடி அங்கேயே அடக்கம் செய்தார்கள். 2020-ல்தான் நாடாளுமன்றம் திரும்பி வந்தது. இவ்வளவு கதையையும் ஒரே பெஞ்சிலிருந்து பார்த்துவிடலாம். மதியம் போனால் பக்கத்தில் யாராவது அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள், காசில்லாமல் கேட்கலாம்.

சரி, கார்னிவலுக்கு வருவோம். ஊரின் பெரிய தெருத் திருவிழா அது; கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும். டிவியில் காட்டும் இறகு உடைகளை வைத்து இதை எடை போடாதீர்கள். பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் தங்கள் மாளிகைகளில் முகமூடி போட்டு ஆடினார்கள்; அடிமைகளுக்கு அங்கே இடமில்லை. விடுதலைக்குப் பிறகு அவர்கள் தீப்பந்தமும் கம்பும் முரசுமாக நள்ளிரவில் தெருவுக்கு வந்தார்கள். இதற்கு கான்பூலே என்று பெயர். எரியும் கரும்புத் தோட்டத்தில் தீயணைக்க அவர்களை விரட்டிய நாட்களின் நினைவு அது. 1881-ல் போலீஸ் தலைவர் பேக்கர் அதை அடக்கப் போக, கம்பு வீரர்கள் திருப்பி அடித்தார்கள். அந்தச் சண்டையைக் கார்னிவலுக்கு முந்தைய வெள்ளி விடியற்காலையில் டிரை ரிவர் ஓரத்திலேயே நாடகமாக நடத்துகிறார்கள், விட்டுவிடாதீர்கள். 1884-ல் முரசு அடிக்கத் தடை வந்தது. தோல் கூடாது என்றால் மூங்கில் என்று, வெவ்வேறு நீளத்தில் வெட்டிய மூங்கிலைத் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். 1930-களின் கடைசியில் பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத் தொட்டி. போர்க்காலத்துக்குப் பிறகு எண்ணெய் பீப்பாய். இப்படிப் பிறந்ததுதான் ஸ்டீல்பேன். வெறும் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்த தகரத்தில் ஸ்வரம் பிடித்தது லாவென்டில் குன்றிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் இருந்த பையன்கள். முதலில் ரவுடிகளின் கருவி என்று ஊர் முகம் சுளித்தது. 1951-ல் ஒரு குழு லண்டன் போய் வாசித்துவிட்டு வந்தது, அப்புறம் சுளித்த முகங்களும் கைதட்டின. 1992-ல் அது தேசிய வாத்தியம் ஆனது.

ஆகவே கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் போங்கள், இரவில் ஸ்டீல்பேன் குழுக்கள் ஒத்திகை பார்க்கும் ஏதாவது பேன்யார்டுக்குள் நுழையுங்கள். சார்லட் தெருவில் ரெனிகேட்ஸ், டியூக் தெருவில் ஆல் ஸ்டார்ஸ். திறந்தவெளி முற்றம், தகரக் கூரை, பீர் விற்கும் கவுண்டர். பெரிய குழு என்றால் நூறு பேருக்கு மேல் வாசிப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு வரிசையில், வங்கி அதிகாரி இன்னொரு வரிசையில். ஒருவர் முன்னால் இசைத்தாளே கிடையாது. எட்டு நிமிடப் பாட்டில் நாலு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒத்திகை நடத்துபவர் இரும்புத் துண்டைத் தட்டி நிறுத்தி, திரும்ப, திரும்ப, திரும்ப. ஓரமாக ட்யூனர் குனிந்து ஒரு பேனின் அடியிலிருந்து சின்னச் சுத்தியலால் தட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, இன்னொரு தட்டு தட்டுவார். அரை மில்லிமீட்டர் குழிந்தால் ஸ்வரம் போய்விடும். பனோரமா என்ற ஸ்டீல்பேன் போட்டியின் இறுதிச் சுற்றைவிட எனக்கு இந்த ஒத்திகைதான் பிடித்தது. சொன்னால் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள்.

அந்தப் போட்டி நடப்பது குயின்ஸ் பார்க் சவானாவில். 260 ஏக்கர் புல்வெளி. 1817-ல் ஒரு கரும்புத் தோட்டக் குடும்பத்திடமிருந்து உட்ஃபோர்ட் வாங்கியது. அந்தக் குடும்பத்தின் கல்லறை மட்டும் இன்னும் நடுவில் மதிலுக்குள் இருக்கிறது. சுற்றிலும் தூங்குமூஞ்சி மரங்கள், இளநீர் வண்டிகள், ஒருவழிப் போக்குவரத்து. மேற்குப் பக்கம் ‘மேக்னிஃபிசென்ட் செவன்’ என்ற ஏழு மாளிகைகள். ஒன்று ஸ்காட்லாந்துக் கோட்டை, ஒன்று மூரிஷ் அரண்மனை. எல்லாமே 1900-களின் தொடக்கத்தில், முக்கியமாகக் கொக்கோ கொழித்த காலத்தில் எழும்பியவை. வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். குயின்ஸ் ராயல் கல்லூரி மட்டும் கொஞ்சம் நிற்க வைக்கும். எரிக் வில்லியம்ஸ், எழுத்தாளர்கள் சி.எல்.ஆர். ஜேம்ஸ், வி.எஸ். நைபால் மூவரும் அங்கே படித்தவர்கள்.

நைபாலின் வீடு மேற்கே செயின்ட் ஜேம்ஸில், நேபாள் தெருவில். அந்தப் பேட்டைத் தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் பாட்னா, டெல்லி, பெங்கால், மெட்ராஸ் எல்லாம் வரும். 1845 மே 30 அன்று ஃபேட்டல் ரசாக் என்ற கப்பல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது இந்தத் துறைமுகத்தில். 1917 வரை வந்தவர்கள் 1,40,000-க்கும் மேல். பெரும்பாலானவர்கள் கல்கத்தா வழியாக வந்த போஜ்புரி பேசும் மக்கள். சென்னையிலிருந்து வந்த கப்பல்கள் கொஞ்சம்தான். தமிழ் போய்விட்டது, மூன்சாமி, மூட்டூ என்று குடும்பப் பெயர்களும் காளி கோயில்களும் மிஞ்சியிருக்கின்றன. முஹர்ரம் சமயத்தில் இங்கே ஹோசே நடக்கும். மூங்கிலும் வண்ணக் காகிதமுமாக மாடமாளிகைகள் போலத் தாஜியா செய்து தெருவில் தள்ளிக்கொண்டு வருவார்கள். கட்டுபவர்களில் முஸ்லிம், இந்து, ஆப்பிரிக்க வம்சத்தவர் எல்லாரும் உண்டு. வழியில் ஓரமாகத் தீ மூட்டி தாஸா முரசின் தோலைக் காய்ச்சுவார்கள், நம்மூரில் பறையைக் காய்ச்சுவது போலவே.

கிரிக்கெட் பிடிக்கும் என்றால் பக்கத்திலேயே குயின்ஸ் பார்க் ஓவல். 1971-ல் வெஸ்ட் இண்டீஸை இந்தியா முதன்முதலாக டெஸ்டில் தோற்கடித்த மைதானம். கவாஸ்கரின் அறிமுகப் போட்டி என்று எல்லாரும் சொல்வார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் 95 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தவர் நம்ம வெங்கட்ராகவன் என்பதை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். 1976-ல் 403 ரன் துரத்தி ஜெயித்ததும் இங்கேதான்.

சாப்பாட்டில் டபுள்ஸ். காலையில் தெருமுனை வண்டியில் வாங்குங்கள். மஞ்சள் போட்ட மைதா மாவில் பொரித்த மெத்தென்ற இரண்டு பாரா, நடுவில் கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச் சட்னி, வெள்ளரி. பெப்பர் எவ்வளவு என்று கேட்பார்கள். ‘ஸ்லைட்’ என்று சொல்லுங்கள். நாங்கள் ஆந்திரா ஊறுகாயே சாப்பிடுகிறவர்கள் என்ற வீராப்பு அந்த மிளகாயிடம் செல்லாது. காகிதத்தில் வாங்கி, நின்றபடியே, சட்டையில் ஒழுகாமல் சாப்பிட ஒரு பயிற்சி வேண்டும்.

பாதுகாப்பு பற்றி மழுப்ப விரும்பவில்லை. கும்பல் வன்முறை நிஜம். 2024 டிசம்பர் கடைசியிலும் 2025-லும் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. இருட்டியபின் டவுன்டவுனில் தனியாக நடக்காதீர்கள். லாவென்டில் பக்கம் உள்ளூர் ஆள் துணையில்லாமல் வேண்டாம். பேன்யார்டுக்குப் போவதென்றால் தெரிந்த டாக்ஸியில் போய் அதிலேயே திரும்புங்கள். ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. கார்னிவல் வாரத்துக்கு அறை வாடகை பல மடங்கு ஏறும், மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள்.

ஊரை விட்டு வெளியே போக ஒரு மதியம்தான் இருக்கிறது என்றால், எல்லாரும் வடக்கே மராக்கஸ் கடற்கரைக்குப் போய் பேக் அண்ட் ஷார்க், அதாவது பொரித்த ரொட்டிக்குள் சுறா மீன், சாப்பிடச் சொல்வார்கள். நல்ல இடம்தான். என்னைக் கேட்டால் தெற்கே கரோனி சதுப்புநிலத்துக்குப் படகு ஏறச் சொல்வேன். சாயங்காலம் செக்கச்சிவந்த ஐபிஸ் பறவைகள் கூட்டம் கூட்டமாக அலையாத்தி மரங்களுக்குத் திரும்பும். கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள், பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். படகை ரொம்பத் தள்ளியேதான் நிறுத்துவார்கள்.